ஊர் வாய்க்காலைத் தூர் வார ஊரே இறங்குவது எப்படி? டெல்டாவில் புதிதாகத் தொடங்குவோருக்கு

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. நடுவில் கிடைக்கிற நாலரை மாதம்தான் வாய்க்கால் வேலைக்கான காலம் என்று தோன்றும். ஆனால் அது முழுசாகக் கைக்கு வராது. சம்பா, தாளடி அறுப்பு பிப்ரவரி வரை இழுக்கும். அறுப்பு முடிந்தால் வயலில் உளுந்தும் பயறும் நிற்கும். அவை வீடு வந்து சேராமல் வயல் வழியே பொக்லைனை இறக்க யாரும் விடமாட்டார்கள். மண் வெட்ட உண்மையில் கிடைப்பது ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை. அணையில் நீர் நிறைய இருந்தால் அதுவும் சுருங்கும். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். ஜூன் 12-ஐ நம்பிக் கணக்குப் போட்ட ஊருக்கு 19 நாள் போயிற்று.

புதிதாக இறங்குகிறவர்கள் மே மாதத்தில்தான் மனு எழுத உட்காருவார்கள். அதற்குள் அந்த ஆண்டின் வேலைப் பட்டியல் முடிந்திருக்கும். காகித வேலை ஜனவரியில் தொடங்க வேண்டும்.

மக்கள் பங்களிப்பு என்றதும் நன்கொடையும் மண்வெட்டியும்தான் நினைவுக்கு வருகின்றன. இரண்டும் வேண்டும்தான். ஆனால் டெல்டாவில் ஊரார் செய்யக்கூடியதில் அதிகப் பலன் தருவது, வேலைக்கு முன் ஒருமுறையும் வேலைக்குப் பின் ஒருமுறையும் வாய்க்காலைத் தாங்களே அளந்து எழுதி வைப்பது. மனு, மதிப்பீடு, வசூல், பில் எல்லாம் அந்த இரண்டு தாள்களைப் பிடித்துத்தான் நிற்கும். ஆகவே இந்த வழிகாட்டியில் அளவுக்கே அதிக இடம்.

முதலில்: வாய்க்கால் யாருடையது?

கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும் நீர், அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு, பாமணியாறு, கோரையாறு என்று மேலும் பிரிந்து வாய்க்கால்களுக்கு வருகிறது. ஆற்றிலிருந்து நேரடியாகப் பிரிவது ஏ பிரிவு வாய்க்கால். அதிலிருந்து பிரிவது பி. பிறகு சி, டி. ஏ, பி பிரிவு வாய்க்கால்கள் நீர்வளத் துறையின் பொறுப்பு. பழைய பலகைகளில் பொதுப்பணித் துறை என்றே இருக்கும். 2021-இல் துறை பிரிந்தது. சி, டி வாய்க்கால்களை வேளாண் பொறியியல் துறையோ ஊராட்சியோ எடுத்துச் செய்யும். தெருச் சாக்கடை ஊராட்சியுடையது.

இதைத் தெரிந்துகொள்ளாமல் கிராம சபையில் தீர்மானம் போட்டால் தாள்தான் மிஞ்சும். நீர்வளத் துறை வாய்க்காலில் ஊராட்சி தன் விருப்பத்துக்குப் பணம் செலவழிக்க முடியாது. துறையின் தடையின்மைச் சான்று வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஊரில் பெரியவர்கள் இன்றும் லஸ்கர் என்று அழைக்கும் கரைக்காவலரைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. எந்த மதகு எந்தப் பிரிவு அலுவலகத்துக்கு உட்பட்டது என்பது அவருக்குத் தெரியும். அடுத்து, தமிழக அரசின் நில ஆவண இணைய சேவையில் உங்கள் வருவாய்க் கிராமத்தின் புலப்படத்தையும் 'அ' பதிவேட்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். வாய்க்கால் புறம்போக்கு என்று பதிவாகியிருக்கிறதா, எந்தப் புல எண், எவ்வளவு அகலம் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் ஏதாவது ஒரு துண்டு பட்டா நிலமாக இருந்தால் இப்போதே தெரிந்துவிடும். இயந்திரம் வந்து நிற்கும்போது தெரிந்தால் அந்தப் பருவமே போய்விடும்.

இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: இந்த வாய்க்கால் இந்த ஆண்டு வேறு துறையின் பட்டியலில் இருக்கிறதா? ஒரே மண்ணை இரண்டு துறை தாளில் வெட்டுவதற்கு இந்தக் குழப்பம்தான் வாசல்.

அளவு எடுப்பது

பிப்ரவரி கடைசியில் நீர் வற்றிய பிறகு நடக்க வேண்டும். தலைமடைக்காரர் ஒருவர், நடுவில் ஒருவர், கடைமடைக்காரர் இருவர், குத்தகைச் சாகுபடிக்காரர் ஒருவர், வடிகால் ஓடும் தெருவிலிருந்து ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். நடவுக்குப் போகும் பெண்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். எந்தப் பங்கில் நீர் ஏறாது, எந்தப் பங்கில் வடியாது என்று அவர்கள் வரப்பைக் காட்டியே சொல்லிவிடுவார்கள்.

கையில் வேண்டியவை: 30 மீட்டர் டேப், ஆள் உயரத்தில் அளவு குறித்த மூங்கில் கழி, முனை கூரான இரும்புக் கம்பி, கொத்தனார் வைத்திருக்கும் மட்டக்குழாய், சுண்ணாம்பு அல்லது பெயின்ட், ஒரு கணக்கு நோட்டு.

மதகிலிருந்து தொடங்கி 30 மீட்டருக்கு ஒரு இடத்தில் நில்லுங்கள். நான்கு அளவு எழுதுங்கள்: மேலகலம், அடியகலம், கரையிலிருந்து இப்போதைய அடி வரை ஆழம், படிந்த மண்ணின் கனம். கடைசியானதுதான் சிக்கல். இரும்புக் கம்பியை அழுத்தினால் சேறும் வண்டலும் எளிதாக விடும். பழைய கெட்டி அடி வந்ததும் கம்பி நிற்கும். ஆனால் கம்பியை மட்டும் நம்பாதீர்கள். குழாய்ப் பாலங்களின் உள் அடியையும் மதகின் தளமட்டத்தையும் மட்டக்குழாய் பிடித்துப் பாருங்கள். வாய்க்கால் வெட்டியபோது இருந்த அடிமட்டத்துக்கு அவைதான் சாட்சி. மதகின் தளமட்டத்தைப் பொறியாளர்கள் சில் லெவல் என்பார்கள். இந்தச் சொல்லை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

கணக்கு எப்படி வரும் என்று ஓர் எடுத்துக்காட்டு. 1,200 மீட்டர் வாய்க்கால், சராசரி அகலம் 2.2 மீட்டர். முதல் 300 மீட்டரில் படிவு சராசரி 25 செ.மீ., அடுத்த 400 மீட்டரில் 40, கடைசி 500 மீட்டரில் 60.

300 × 2.2 × 0.25 = 165 கன மீட்டர்
400 × 2.2 × 0.40 = 352 கன மீட்டர்
500 × 2.2 × 0.60 = 660 கன மீட்டர்

மொத்தம் 1,177 கன மீட்டர். ஊர்க்கணக்கில் ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆக சுமார் 416 யூனிட். இதில் பாதிக்கு மேல் கடைசி 500 மீட்டரில் கிடக்கிறது என்பதைக் கவனியுங்கள். தலைப்பிலிருந்து வெட்டிக்கொண்டு வந்து, பணமும் நாளும் தீர்ந்ததும் நிறுத்தினால், அதிக மண் உள்ள இடம் அப்படியே இருக்கும்.

பாலம், மரம், வளைவு, ஆக்கிரமிப்பு, யாரோ தன் வயலுக்கு வண்டி போக உயரத்தில் பதித்த சிமென்ட் குழாய் எல்லாவற்றையும் மீட்டர் எண்ணோடு குறியுங்கள். நாள், நேரம், இடம் பதிவாகும் கேமரா செயலியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு படம். நோட்டில் நடந்தவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

கிராம சபை

ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. டெல்டா நாட்காட்டிக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. ஜனவரி 26-இல் கோரிக்கையைப் பதிவு செய்யலாம்; மார்ச் 22-இல் அளவோடு தீர்மானம்; மே 1-இல் வேலை நிலவரம்; ஆகஸ்ட் 15-இல் கணக்கு.

விவாதிக்க வேண்டிய பொருளை ஏழு நாளுக்கு முன்பே ஊராட்சிச் செயலரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னால் 'இதர பொருள்' என்ற ஒரு வரியில் அடங்கிவிடும். குறைவெண் வரம்பும் தெரிந்திருக்கட்டும்: மக்கள்தொகை 500 வரை 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். ஆள் சேராமல் போட்ட தீர்மானத்தைப் பின்னால் எவரும் கேள்வி கேட்கலாம்.

தீர்மானம் பொதுவாக இருந்தால் பயனில்லை. "ஊர் வாய்க்கால்களைத் தூர் வார வேண்டும்" என்று எழுதினால் எந்த அலுவலகத்திலும் அது கோப்பாக மாறாது. இப்படி எழுதுங்கள்:

"... கிராமம், புல எண் ... முதல் ... வரையுள்ள ... வாய்க்காலில், ... மதகு முதல் ... வடிகால் சேரும் இடம் வரை 1,200 மீட்டர் நீளத்தில் ஊர்க்குழு அளந்தபடி சுமார் 1,177 கன மீட்டர் படிவை அகற்றவும், 410 மற்றும் 870-ஆவது மீட்டரில் உள்ள குழாய்ப் பாலங்களை மாற்றவும், இதனால் பயன்பெறும் 240 ஏக்கர் ஆயக்கட்டைக் கருதி, மே 31-க்குள் வேலையை முடிக்கவும் இச்சபை தீர்மானிக்கிறது. அளவுத் தாள் இணைப்பு."

தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதிப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் இருந்தால், அன்றைக்கே அதை நிறுத்த வேண்டியது ஊரார்தான். பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 28 மாவட்டங்களின் ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் இல்லாத காலத்தில் எதுவும் நடக்காது என்று ஒதுங்க வேண்டாம். கிராம சபை அப்போதும் உண்டு. தலைவரிடம் கொடுக்கும் தாளை ஒன்றிய அலுவலகத்தில் கொடுக்கிறீர்கள், அவ்வளவே. தீர்மான நகலை வட்டார வளர்ச்சி அலுவலர், நீர்வளத் துறை உதவிப் பொறியாளர், மாவட்ட ஆட்சியர் மூவருக்கும் அனுப்பிவிட்டு, ஆட்சியர் அலுவலகத்தில் மாதம்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு எண்ணோடு கேளுங்கள். மனு எண் இல்லாத பேச்சு அந்தக் கூடத்தோடு முடிந்துவிடும்.

பணம்

அரசின் சிறப்புத் தூர்வாரும் பணியில் 2022-இல் டெல்டாவுக்கு ஒதுக்கியது 80 கோடி ரூபாய், நீளம் 4,964 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள்: கிலோமீட்டருக்குச் சராசரியாக 1 லட்சத்து 60 ஆயிரம் சொச்சம். பெரிய ஆறும் சின்ன வாய்க்காலும் இதில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. உங்கள் ஊர் சி வாய்க்கால் பட்டியலுக்குள் வருவதற்கு ஏன் போட்டி போட வேண்டியிருக்கிறது என்பது இதில் புரியும்.

ஊரும் பணம் போடுவதென்றால் இப்போதைய வழி நமக்கு நாமே திட்டம். 1997-இல் வந்தது, 2021-இல் மீண்டும் உயிர் பெற்றது. பொதுவிதி, மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்களுடையது. நகர்ப்புறத்தில் நீர்நிலைப் புனரமைப்புக்குப் பாதி. நிர்வாக அனுமதி ஆட்சியர் கொடுக்க வேண்டும். பாதியோ அதற்கு மேலோ கொடுப்பவர் வேலையைத் தாமே எடுத்துச் செய்யவும் இடமுண்டு. உங்கள் வேலைக்கு எந்த விகிதம் என்று ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டுத்தான் வசூலைத் தொடங்க வேண்டும். 2016-17-இல் புதுப்பித்த குடிமராமத்தில் விவசாயிகள் பங்கு 10 சதவீதம்தான், உழைப்பாகவும் கொடுக்கலாம். அந்த நினைப்பில் வருகிறவர்களுக்கு இந்த வித்தியாசத்தை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மண் வேலை, இரண்டு குழாய்ப் பாலம், ஒரு ஷட்டர் சேர்த்து மதிப்பீடு 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு 2 லட்சம். 240 ஏக்கர் என்பது 36 வேலி, 720 மா. மாவுக்கு 278 ரூபாய் வரும். பாதிப் பங்கு என்றால் 3 லட்சம், மாவுக்கு 417. ஏக்கர்க் கணக்கை விட மாக்கணக்கில் சொன்னால் பேச்சு சீக்கிரம் முடியும். குத்தகை, நடவுக்கூலி எல்லாம் அதில்தானே பேசிப் பழகியிருக்கிறது.

சண்டை வரும் இடங்கள் மூன்று. குத்தகை நிலத்துக்கு யார் கொடுப்பது? கோயில், மடத்து நிலம் நிறைய உள்ள ஊர்களில் இது பெரிய கேள்வி. சொந்தக்காரர் ஊரிலேயே இருக்கமாட்டார். வசூலுக்கு முன்பே முடிவெடுத்து எழுதிவிடுங்கள். இரண்டாவது, கடைமடை. இரண்டு பருவமாக நீரே காணாதவரிடம் தலைமடைக்காரருக்கு இணையான தொகையை முன்கூட்டியே கேட்பது நியாயமாகாது. அவர்கள் பங்கைக் குறைக்கலாம், அல்லது குறுவை அறுத்த பிறகு வாங்கிக்கொண்டு இப்போதைக்கு வேறு யாராவது முன்பணம் போடலாம். மூன்றாவது, நிலமில்லாதவர்கள். அவர்களிடம் பணம் கேட்காதீர்கள். ஆனால் கூட்டத்தில் அவர்கள் பேச வேண்டும். வடிகால் அடைத்தால் ஐப்பசி மழையில் முதலில் நீர் ஏறுவது பெரும்பாலும் அவர்கள் தெருவில்தான்.

வங்கியில் கூட்டுக் கணக்கு, குறைந்தது இரண்டு கையெழுத்து, நகல் ரசீதுப் புத்தகம். அரசுக்குச் செலுத்துவது வரைவோலையாகவோ காசோலையாகவோ போகட்டும். எவர் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். வசூலில் ஐந்தில் ஒரு பங்கு தாமதமாகும் அல்லது வராது என்று கணக்கிட்டே தொடங்குங்கள்.

மண் வெட்டும் நாட்கள்

இங்கேதான் நல்ல எண்ணத்தோடு செய்த வேலை கெடும்.

ஆழம் முதலில். "இயந்திரம் வந்திருக்கு, இன்னும் ரெண்டடி போட்டுடு" என்று கரையில் நின்று சொல்ல ஒருவர் எப்போதும் இருப்பார். டெல்டா தட்டை நிலம். வாய்க்காலின் சரிவு கண்ணுக்கே தெரியாத அளவு. சில் லெவலுக்குக் கீழே வெட்டினால் அந்தப் பள்ளத்தில் நீர் நிற்கும். பக்க மடைகள் உயரத்தில் தங்கிவிட, வயலுக்கு ஏற மோட்டார் வைத்து இறைக்க வேண்டிவரும். நடுவில் பள்ளம் விழுந்தால் கடைமடைக்குப் போகும் நீரின் வேகமும் குறையும். ஆகவே முதல் நாளே ஒவ்வொரு பாலத்தின் சுவரிலும், இடையில் 30 மீட்டருக்கு ஒரு முளையிலும் வெட்ட வேண்டிய அடிமட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரத்தைப் பெயின்டில் குறித்துவிடுங்கள். வெட்டிய பிறகு குறியிலிருந்து கழியை விட்டால் 1 மீட்டர் காட்ட வேண்டும். கூடினாலும் தவறு, குறைந்தாலும் தவறு.

வேலையைக் கடைமடையிலிருந்து மேல்நோக்கி நடத்துங்கள். ஊறும் நீர் கீழே வடிய வழி கிடைக்கும், இயந்திரம் சேற்றில் இறங்காது. பணம் குறைந்தாலும் மண் அதிகமுள்ள பகுதி முடிந்திருக்கும். தலைமடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு எப்படியும் நீர் வரும் என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

ஓட்டுநர்கள் கரையைச் செங்குத்தாக வெட்டுவார்கள், அதுதான் வேகம். களிமண் கரைக்கு ஓரடி உயரத்துக்கு ஓரடி சரிவாவது வேண்டும். மணற்பாங்கான இடத்தில் ஒன்றரை அடி. செங்குத்துக் கரை வடகிழக்குப் பருவமழையில் சரிந்து, எடுத்த மண் அத்தனையும் திரும்ப உள்ளே வரும். வெட்டிய மண்ணைக் கரையின் விளிம்பில் கொட்டினாலும் அதே கதைதான். விளிம்பிலிருந்து மூன்றடியாவது தள்ளிப் போட்டு, பரப்பி, சங்கிலிச் சக்கரத்தால் மிதித்துவிடச் சொல்லுங்கள். நெல் மூட்டை வண்டி போகும் பாதையில் குவியல் நிற்கக் கூடாது. வண்டலை வயலுக்கு எடுக்க விரும்புவோர் உரிய அனுமதியை முன்பே வாங்க வேண்டும். ஒரு டிராக்டர் மண் வெளியே விலைக்குப் போனாலும் ஊரார் வேலை முழுவதும் மண் கடத்தல் வழக்காக மாறலாம்.

காட்டாமணக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெட்டிப் போட்ட தண்டு ஈரத்தில் விழுந்த இடத்திலேயே வேர்விடும். இயந்திரம் அதை மண்ணோடு பிசைந்து கரையில் போட்டால், அடுத்த தையில் வாய்க்காலோடு கரையும் புதராக நிற்கும். மண் வேலைக்கு முன்பே ஆட்களை வைத்து வேரோடு பிடுங்கி, மேட்டில் குவித்துக் காயவிட வேண்டும். வெங்காயத்தாமரையைக் கீழே தள்ளிவிட்டால் அடுத்த ஊர்ப் பாலத்தில் அடைக்கும். அங்கிருந்து வருகிறவர்கள் நன்றி சொல்ல வரமாட்டார்கள்.

குழாய்ப் பாலத்தின் உள்ளே உள்ள மண்ணை ஆள்தான் எடுக்க வேண்டும். இயந்திரத்தின் வாளியை உள்ளே விட்டால் குழாய் முனை உடையும். குடிநீர்க் குழாய், தொலைபேசிக் கேபிள் குறுக்கே போகும் இடங்களில் முந்தின நாளே கொடி நடுங்கள். கரையில் நிற்கும் பனையை ஒதுக்கி ஓட்டச் சொல்லுங்கள். அதன் வேர்தான் அந்தக் கரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மணிக்கணக்கில் வாடகை பேசினால், இயந்திரத்தின் மணி மீட்டரைக் காலையிலும் மாலையிலும் படம் எடுத்து நோட்டில் எழுதுங்கள். எழுதுகிறவர் தினமும் மாறினால் சந்தேகப் பேச்சு குறையும். நூறு நாள் வேலையையும் இயந்திர வேலையையும் ஒரே நீளத்தில் கலக்கவே கூடாது. கூலி வேலைத் திட்டத்தில் இயந்திரத்துக்கு இடமில்லை. இயந்திரம் வெட்டிய மண்ணை வருகைப் பதிவேட்டில் காட்டினால் மாட்டிக்கொள்வது கையெழுத்துப் போட்ட ஊர்க்காரர்தான். கைவேலைக்கு வயல்வரிசையில் ஓடும் சின்னக் கன்னி வாய்க்கால்கள் போதுமான அளவு கிடக்கின்றன. நூறு நாள் வேலையை அங்கே ஒதுக்குங்கள்.

வேலை முடிந்த பிறகு

நீர் வருவதற்கு முன் அதே 30 மீட்டர் நிறுத்தங்களில் மீண்டும் அளந்துவிடுங்கள். நீர் வந்துவிட்டால் எவராலும் எதையும் நிரூபிக்க முடியாது. பொறியாளர் எழுதும் அளவுப் புத்தகத்தை எம்-புக் என்பார்கள். பில் போவது அதன்படிதான். உங்கள் தாளும் அதுவும் ஐந்து, பத்து சதவீதம் வேறுபடுவது இயல்பு. அதற்கு மேல் போனால் அவரோடு உட்கார்ந்து நிறுத்தம் நிறுத்தமாக ஒப்பிடுங்கள்; பல நேரம் அகலத்தை எந்த உயரத்தில் எடுத்தது என்ற வித்தியாசமாகத்தான் இருக்கும்.

காட்ட மறுத்தால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, எம்-புக் பக்கங்களின் சான்றிட்ட நகலையும் இறுதிப் பில்லையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். தாள் மட்டுமல்லாமல் வேலையையே நேரில் ஆய்வு செய்யவும் அந்தச் சட்டம் உரிமை தருகிறது. விண்ணப்பத்தில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள், பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் வசூல், செலவு, மீதி மூன்றையும் படியுங்கள். மீதித் தொகையைக் கணக்கிலேயே வையுங்கள். செப்டம்பர் கடைசியில், மழைக்கு முன், வடிகால் சேருமிடத்திலும் குழாய்ப் பால வாய்களிலும் வெங்காயத்தாமரையை அப்புறப்படுத்த நாலு ஆள் கூலி தேவைப்படும். அந்த நேரத்தில் புதிதாக வசூல் தொடங்கினால் தீபாவளிதான் முதலில் வரும்.